ஏழாம் அத்தியாயம்: டிபரென்ஷியலும் பல் விகிதமும்

பழைய காரொன்றைச் செப்பனிட்டு மீண்டும் சாலைக்குக் கொண்டுவர முற்படுகிறவர்கள், எஞ்சினுக்கும் வர்ணத்துக்கும் இருக்கைகளின் மேலுறைக்கும் காட்டுகிற சிரத்தையைப் பின் அச்சுக்குக் காட்டுவது அபூர்வம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில், எண்ணெயில் தோய்ந்து, இரும்புக் கூட்டுக்குள் சுழல்கிற பல் சக்கரங்கள் சப்தம் செய்யாதவரையில் அவற்றைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை என்பது பொதுவான எண்ணம். ஆனால் நின்ற நிலையிலிருந்து கார் எவ்வளவு ஊக்கத்தோடு கிளம்பும், மேட்டுச் சாலையில் எந்தக் கியரில் ஏறும், நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓடும்போது எஞ்சின் நிதானமாகச் சுற்றுமா அல்லது ஓயாமல் இரைந்துகொண்டே வருமா, பெட்ரோல் எவ்வளவு செலவாகும் என்கிற கேள்விகளுக்கெல்லாம் விடை பெரும்பாலும் அங்கேதான் நிர்ணயமாகிறது.

ஆகையால் இந்த அத்தியாயத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். உங்கள் கார் தன் ஆயுளில் அதிக நேரம் எந்த வேகத்தில் ஓடப்போகிறதோ, அந்த வேகத்தில் எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றவேண்டும் என்பதை முதலில் தீர்மானித்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு வருவதே விகிதத்தைத் தேர்ந்தெடுக்கும் சரியான முறை. சீறிக்கொண்டு கிளம்புகிற சில விநாடிகளை மட்டும் மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுத்தவர், மீதிப் பிரயாணம் முழுவதும் அதன் சிரமத்தை அனுபவிக்கவேண்டியிருக்கும்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் விஷயம் தெளிவுபடாது. ஆதலால் அமெரிக்காவில் போர்டு கம்பெனி 1964 ஏப்ரல் 17 அன்று அறிமுகப்படுத்திய மஸ்டாங் காரை, குறிப்பாக 1965, 1966 மாடல்களை, உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பழைய கார் அபிமானிகளிடையே இன்றும் ஏராளமாகப் புழங்குவதும், ஒரே உடலுக்குள் சாதுவான எஞ்சின் முதல் உக்கிரமான எஞ்சின் வரை பலவற்றைத் தாங்கி வந்ததும், அந்தந்த எஞ்சினுக்குத் தக்கபடி பின் அச்சையும் மாற்றிக் கொடுத்ததுமான அந்தக் கார், நாம் ஆராயப்போகிற விஷயத்துக்கு மிகவும் பொருத்தமானது.

டிபரென்ஷியலின் மூன்று தொழில்கள்

எஞ்சினின் சுழற்சி கியர் பாக்ஸைக் கடந்து, புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாகக் காரின் நீளவாக்கில் பின்னோக்கி வருகிறது. அதைக் குறுக்குவாட்டில் திருப்பிச் சக்கரங்களுக்குக் கொடுப்பது முதல் தொழில்; திருப்பும்போதே சுழற்சியைக் குறைத்து அதற்கேற்ப முறுக்கு விசையைப் பெருக்குவது இரண்டாம் தொழில்; வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடவேண்டியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுப்பது மூன்றாம் தொழில்.

முதல் இரண்டையும் செய்வன பினியன் என்னும் சிறு சக்கரமும் கிரவுன் என்னும் பெரிய சக்கரமும் ஆகும். கிரவுனின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் கிடைப்பதே விகிதம். கிரவுனில் 39 பற்களும் பினியனில் 12 பற்களும் இருந்தால் 3.25, 35க்கு 10 என்றால் 3.50, 37க்கு 9 என்றால் 4.11. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்கு ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றவேண்டும் என்பதையே இந்த எண் சொல்கிறது. எண் உயர உயர இழுவை கூடும், எஞ்சினின் சுற்றும் கூடும். எண் குறையக் குறைய ஓட்டம் அமைதிப்படும், கிளம்பும் ஊக்கம் குறையும். இரண்டு லாபங்களையும் ஒரே எண்ணில் பெற வழியில்லை என்பதால்தான் தேர்வு என்கிற பேச்சே எழுகிறது.

இருப்பதை முதலில் அறிக

வாங்குவதற்கு முன், காரின் அடியில் இப்போது இருப்பது என்ன என்று திட்டமாகத் தெரிந்துகொள்ளவேண்டும். அறுபது வருஷம் பல கைகள் மாறிய காரில், தொழிற்சாலையில் பொருத்திய அச்சே இருக்கிறது என்று எண்ணிக்கொள்வது விவேகமாகாது.

அந்நாளைய மஸ்டாங்கில் மூன்று வகை அச்சுகள் இருந்தன. கிரவுனின் விட்டத்தைக் கொண்டே அவற்றுக்குப் பெயர் வழங்குகிறது. ஆறு சிலிண்டர் கார்களுக்கு ஏழேகால் அங்குல அச்சு. சக்கரத்துக்கு நான்கு போல்ட். சாதாரண வி-8 கார்களுக்கு எட்டு அங்குல அச்சு. சக்கரத்துக்கு ஐந்து போல்ட். 271 குதிரைசக்தி கொண்ட உயர்திறன் 289 (கன அங்குலக் கொள்ளளவு) எஞ்சினுக்கு மட்டும் ஒன்பது அங்குல அச்சு. ஆறு சிலிண்டர் காரில் பிற்காலத்தில் யாரேனும் வி-8 எஞ்சினை ஏற்றியிருந்து, அச்சு மட்டும் பழையபடி ஏழேகால் அங்குலமாகவே இருக்குமானால், விகிதத்தைப் பற்றிய யோசனையை ஒத்திவைத்து முதலில் அச்சையே மாற்றுவது அவசியம்.

எட்டு அங்குலமும் ஒன்பது அங்குலமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் கிரவுனும் பினியனும் ஒரு தனிக் கூட்டில் அமைந்து, முன்புறமாகக் கழற்றி எடுக்கும்படி இருக்கும். அந்தக் கூட்டைச் சுற்றியுள்ள நட்டுகள் எல்லாவற்றிலும் பாக்ஸ் ஸ்பானரை நேராகச் செலுத்த முடிந்தால் அது எட்டு அங்குலம். அடியில் உள்ள இரண்டு நட்டுகளில் பாக்ஸ் ஸ்பானர் இறங்காமல் கூட்டின் உடலில் இடித்து, சாதாரண ஸ்பானரைப் பக்கவாட்டில் நுழைத்துத்தான் திருக முடிகிறதென்றால் அது ஒன்பது அங்குலம்.

விகிதத்தை அறிய, அந்த நட்டுகளில் ஒன்றின் அடியில் செருகியிருக்கும் சிறு தகட்டைப் பாருங்கள். பல வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டி எடுத்தால் அதில் எண் பொறித்திருப்பது தெரியும். எண்ணின் நடுவே புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் எல் என்ற ஆங்கில எழுத்து நிற்குமானால், அது சக்கரம் வழுக்குவதைத் தடுக்கும் விசேஷ டிபரென்ஷியல். ஓட்டுநர் பக்கக் கதவின் விளிம்பில் அறைந்த தகட்டிலும் அச்சுக்குரிய குறி உண்டு: 1 என்றால் 3.00, 6 என்றால் 2.80; விசேஷ டிபரென்ஷியலுக்கு எண்ணுக்குப் பதிலாக எழுத்து இருக்கும். ஆனால் கதவுத் தகடு, கார் பிறந்தபோது என்ன இருந்தது என்பதை மட்டுமே சொல்லும்.

தகடுகள் இரண்டும் இல்லாவிட்டாலும் கவலையில்லை. கார் சமதரையில் நிற்கட்டும். முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கியரை நியூட்ரலில் வைத்துக் கைப் பிரேக்கை விடுங்கள். பின் சக்கரங்களில் ஒன்றை மட்டும் ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கியின் மேல் அச்சை இருத்துங்கள். டயரிலும் ஷாஃப்டிலும் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். ஒரு சக்கரம் தரையில் அசையாமல் நிற்பதால், மற்றது இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்றுச் சுற்றும். அதற்குள் ஷாஃப்ட் மூன்று சுற்று வந்தால் விகிதம் 3.00, மூன்றரை வந்தால் 3.50. தூக்கிய சக்கரம் சுற்ற மறுத்தால் அது விசேஷ டிபரென்ஷியலாக இருக்கக்கூடும். அப்போது இரண்டு சக்கரங்களையும் தூக்கி, இரண்டும் சேர்ந்து ஒரே ஒரு சுற்று வரும்படி சுற்றிக் கணக்கிடவேண்டும்.

வேகமும் சுற்றும்

இனி கணக்குக்கு வருவோம். அந்தக் காரின் டயர் சாலையில் ஒரு முறை உருளும்போது ஏறக்குறைய இரண்டு மீட்டர் தூரத்தைக் கடக்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்பது நிமிஷத்துக்கு 1,667 மீட்டர்; ஆக, சக்கரம் நிமிஷத்துக்கு 833 முறை சுற்றவேண்டும். இதை அச்சின் விகிதத்தால் பெருக்கினால், நேர் கியராகிய டாப் கியரில் எஞ்சினின் சுற்றுக் கிடைத்துவிடும்:

2.80 விகிதத்தில் 2,330 சுற்று
3.00 விகிதத்தில் 2,500 சுற்று
3.25 விகிதத்தில் 2,710 சுற்று
3.50 விகிதத்தில் 2,920 சுற்று
3.89 விகிதத்தில் 3,240 சுற்று
4.11 விகிதத்தில் 3,430 சுற்று

வேறு காராக இருப்பின், சுவரோரம் டயரில் ஒரு கோடும் தரையில் ஒரு கோடும் போட்டு, ஆள் உட்கார்ந்த நிலையில் காரை ஒரு சுற்று உருட்டித் தூரத்தை அளந்துகொண்டால், இதே முறையில் சொந்த அட்டவணை தயாரித்துக்கொள்ளலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட அளவிலிருந்து கணக்கிடுவதைவிட இது மெய்யானது. ஏனெனில் காரின் பாரத்தால் டயர் சற்றே அமுங்கித்தான் ஓடுகிறது.

எஞ்சினின் சுபாவம்

இந்த எண்களில் எது நல்லது என்பது எஞ்சினைப் பொறுத்தது. 1965ஆம் வருஷத்து 289 எஞ்சினின் இரட்டைத் தொண்டைக் கார்புரேட்டர் வகை 4,400 சுற்றில் 200 குதிரைசக்தியைத் தந்தது; அதன் உச்ச முறுக்கு விசையோ 2,400 சுற்றிலேயே வந்துவிடும். நான்கு தொண்டைக் கார்புரேட்டர் வகை 4,800 சுற்றில் 225 குதிரைசக்தி. உச்ச முறுக்கு விசை 3,200இல். உயர்திறன் வகைக்கோ 6,000 சுற்றில் 271 குதிரைசக்தி. உச்ச முறுக்கு விசை 3,400இல்.

இவற்றை மேற்கண்ட அட்டவணையோடு சேர்த்துப் பார்த்தால் போர்டு பொறியாளர்களின் யோசனை விளங்கும். முதல் வகைக்கு 3.00 விகிதத்தைக் கொடுத்தால், 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் 2,500 சுற்றில், தன் முறுக்கு விசையின் உச்சத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஆகையால் சிறு மேடு குறுக்கிட்டாலும், முன்னே போகிற வண்டியைத் தாண்டவேண்டியிருந்தாலும், கியரைக் குறைக்காமலே அது இழுக்கும். அதே எஞ்சினுக்கு 4.11 விகிதத்தைக் கொடுப்பதால், அது மகிழ்ச்சியாகச் சுற்றுகிற எல்லையை விரைவில் தாண்டிச் செல்வதைத் தவிர வேறு பிரயோஜனமில்லை. மாறாக, உயர்திறன் எஞ்சின் மேல் சுற்றுகளில்தான் தன் முழு வீரியத்தையும் காட்டுமாதலால், அதற்குத் தொழிற்சாலையே 3.50 விகிதத்தையும், விரும்பியவர்களுக்கு அதைவிட உயர்ந்த எண்களையும் கொடுத்தது. அந்த எஞ்சினை 3.00இல் பூட்டினால், அது விழித்தெழுகிற சுற்றை அன்றாடப் பிரயாணத்தில் எட்டவே எட்டாது.

எஞ்சினின் கேம் ஷாஃப்டை மாற்றியிருப்பவர்கள், பழைய புத்தகத்தில் உள்ள எண்களை நம்பாமல், தங்கள் எஞ்சின் இப்போது எந்தச் சுற்றில் நன்றாக இழுக்கிறது என்பதைச் சாலையில் ஓட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ளவேண்டும்.

கியர் பாக்ஸோடு சேர்த்து யோசித்தல்

பின் அச்சு தனியாக வேலை செய்வதில்லை. முதல் கியரின் விகிதத்தையும் அச்சின் விகிதத்தையும் பெருக்கி வரும் எண்ணே, கிளம்பும்போது சக்கரத்துக்குக் கிடைக்கும் பலத்தைச் சொல்கிறது. போர்டின் பழைய நான்கு கியர் பெட்டியின் அகன்ற வகையில் முதல் கியர் 2.78, 3.00 அச்சோடு பெருக்கினால் 8.3, 3.50 அச்சோடு 9.7. சாலையில் ஓட்டும் காருக்குப் பத்தையொட்டிய எண் இணக்கமானது என்பது அனுபவசாலிகளின் பொதுவான அபிப்பிராயம். எட்டுக்குக் கீழே போனால் மேட்டில் கிளம்பும்போது கிளட்சைத் தேய்க்க நேரும். பன்னிரண்டைத் தாண்டினால் முதல் கியர் ஒரு நொடியில் தீர்ந்துபோகும். ஆட்டோமாட்டிக் கியர் பாக்ஸ் உள்ள கார்களில் டார்க் கன்வெர்ட்டரும் முறுக்கு விசையைப் பெருக்குவதால், இதைவிடக் குறைந்த எண்ணே போதும்.

பழைய மஸ்டாங்குகளில் பிற்காலத்து டி-5 என்னும் ஐந்து கியர் பெட்டியைப் பொருத்துவது இப்போது சர்வசாதாரணமாகிவிட்டது. 1980களின் பிற்பகுதியில் போர்டு வி-8 கார்களில் வந்த அந்தப் பெட்டியின் முதல் கியர் 3.35, ஐந்தாம் கியர் 0.68. இதில் 3.50 அச்சு இருந்தால், ஐந்தாம் கியரில் 100 கிலோமீட்டர் வேகத்துக்கு எஞ்சின் ஏறக்குறைய 1,980 சுற்று மட்டுமே சுற்றும். முதல் கியரின் பெருக்கமோ 11.7. அதாவது கிளம்பும் ஊக்கமும் நெடும்பயண அமைதியும் ஒருசேரக் கிட்டுகின்றன. இதே பெட்டியை 2.80 அச்சோடு சேர்த்தால் ஐந்தாம் கியரில் சுற்று 1,600க்கும் கீழே இறங்கி, எஞ்சின் திணறும். அந்தக் கியரை வாங்கியும் உபயோகிக்க இயலாமற்போகும். ஆகையால் ஐந்து கியர் பெட்டி வாங்க உத்தேசித்திருப்பவர், அச்சின் விகிதத்தை அதற்கு முன்பே தனியாகத் தீர்மானித்துவிடலாகாது.

பலர் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்று இங்கே உண்டு. ஐந்தாம் கியரில் எஞ்சின் நிதானமாகச் சுற்றினாலும், புரொப்பெல்லர் ஷாஃப்ட் அங்ஙனம் நிதானப்படுவதில்லை. 3.89 அச்சுள்ள கார் மணிக்கு 113 கிலோமீட்டரில் ஓடும்போது எஞ்சின் ஏறக்குறைய 2,490 சுற்றில் இருக்க, ஷாஃப்ட் 3,660 சுற்றுச் சுற்றிக்கொண்டிருக்கும். அது சமன் செய்யப்படாததாகவோ, அதன் ஜாயிண்டுகள் தேய்ந்தவையாகவோ இருந்தால், முன்பு தெரியாத அதிர்வு புதிய விகிதத்தில் தலைகாட்டும். விகிதத்தை உயர்த்துகிறவர்கள் ஷாஃப்டையும் சோதித்துக்கொள்வது உத்தமம்.

டயரையும் மறக்கவேண்டாம். பழைய டயரின் விட்டம் ஏறக்குறைய 645 மில்லிமீட்டர். அழகுக்காக 615 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயரைப் போட்டால், 3.25 விகிதம் 3.41 போல நடந்துகொள்ளும். டயரை முடிவு செய்த பிறகே அச்சை முடிவு செய்யவேண்டும்.

எந்த வகை டிபரென்ஷியல்

சாதாரண டிபரென்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் சமமான முறுக்கு விசையையே கொடுக்கும். ஆகவே ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், நல்ல தரையில் நிற்கும் மற்றதற்கும் அந்தச் சொற்ப விசைதான் கிட்டும். இந்தக் குறையைப் போக்க, உராயும் தட்டுகளை உள்ளே வைத்த வகை ஒன்று. சாய்வான பல் சக்கரங்களாலேயே அதைச் சாதிக்கும் வகை ஒன்று. இரண்டு அச்சுகளையும் ஒன்றாகப் பூட்டிவிட்டு வளைவில் மட்டும் விடுவிக்கும் டெட்ராய்ட் லாக்கர் என்னும் வகை ஒன்று.

உராய்வுத் தட்டுகள் காலப்போக்கில் தேயும். எண்ணெயோடு அதற்குரிய மருந்தையும் சேர்க்காவிட்டால் திருப்பங்களில் முனகும். ஆனால் அவற்றைப் பழுதுபார்ப்பது எளிது, பழைய காரின் காலத்துக்கும் பொருந்துவது. சாய்பல் வகை தேய்மானம் மிகக் குறைந்தது, மென்மையானது. ஒரு சக்கரம் முற்றிலும் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால் மட்டும் பெரும்பாலும் பயன் தராது. லாக்கர் பந்தயத்துக்கு உகந்தது. தெருவில் திரும்பும்போது அது விடுபட்டுப் பிணையும் ஓசையும் உதறலும் குடும்பத்தோடு பிரயாணம் செய்வோருக்கு ஒத்துவராது. இருநூறு குதிரைசக்தி எஞ்சினோடு உலர்ந்த சாலையில் நிதானமாக ஓட்டுகிறவருக்குச் சாதாரண டிபரென்ஷியலே போதும் என்பதைத் தயக்கமின்றிச் சொல்லலாம்.

எட்டு அங்குலமா ஒன்பது அங்குலமா என்ற கேள்விக்கும் இதே அளவுகோல்தான். எஞ்சின் தொழிற்சாலை நிலையிலேயே இருக்குமானால் எட்டு அங்குல அச்சு நெடுங்காலம் உழைக்கும். பெரிய எஞ்சினும் அகலமான டயரும் பந்தய ஆசையும் சேர்ந்த இடத்தில்தான் ஒன்பது அங்குலம் தேவை. அப்படி வேறு காரின் அச்சை வாங்கும்போது அகலத்தை அளந்து பாருங்கள்: 1965, 1966 மஸ்டாங்கைவிட 1967 முதல் 1970 வரையிலான மஸ்டாங்கின் அச்சு இரண்டு அங்குலம் அகலம், பழைய காரில் பொருத்தினால் டயர் மட்கார்டில் உரசக்கூடும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளத்தையும் மறுபடி அளக்கவேண்டியிருக்கும்.

பொருத்தும்போது கவனிக்கவேண்டியவை

கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஜோடியாகவே உரசித் தயாரானவை. ஒன்றிலிருந்து கிரவுனும் மற்றொன்றிலிருந்து பினியனும் எடுத்துச் சேர்க்கலாகாது. 39க்கு 12, 35க்கு 10 போல இரண்டு எண்களுக்கும் பொது வகுஎண் உள்ள ஜோடிகளில், ஒரு பல் மற்றதன் குறிப்பிட்ட சில பற்களையே திரும்பத் திரும்பச் சந்திக்கும். அவற்றில் வர்ணத்தாலோ கீறலாலோ அடையாளமிட்டிருப்பார்கள். அந்த அடையாளங்கள் நேருக்கு நேர் வரும்படி பூட்டாவிட்டால், புதிய ஜோடியும் ஊளையிடும். 37க்கு 9 போன்ற ஜோடிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

பூட்டிய பிறகு பல்லுக்கும் பல்லுக்கும் இடையே உள்ள விளையாட்டு 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை இருப்பது வழக்கம். ஜோடியோடு வரும் குறிப்பில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றவேண்டும். அதன்பின் பற்களில் மஞ்சள் சாந்தைத் தடவி, கிரவுனைக் கையால் அழுத்தம் கொடுத்துச் சுற்றி, பினியன் பதிந்த தடத்தைப் பாருங்கள். தடம் பல்லின் நடுவே முட்டை வடிவாக விழுந்தால் நலம். பல்லின் அடிவாரத்தில் விழுந்தால் பினியன் அளவுக்கு மேல் உள்ளே இருக்கிறது. நுனியில் விழுந்தால் வெளியே இருக்கிறது. மெல்லிய ஷிம்களை மாற்றித் தடம் நடுவுக்கு வரும்வரை பொறுமையோடு திருத்தவேண்டும். அளவிடும் டயல் கருவியும் இதில் பழக்கமும் இல்லாதவர்கள், இந்த வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே புத்திசாலித்தனம்.

கிரவுனும் பினியனும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி உராயும் ஹைபாய்டு அமைப்பு இது. 1926இல் பாக்கார்டு கார்களில் புகுந்து பிறகு எங்கும் பரவியது. பினியன் கிரவுனின் மையத்துக்குக் கீழே நிற்பதால் தரைமட்டத்தைத் தாழ்த்த முடிந்தது; ஆனால் அந்த உராய்வைத் தாங்க ஜிஎல்-5 தரத்து எண்ணெய் கட்டாயம் வேண்டும். புதிய ஜோடியை முதல் ஓட்டத்தில் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் மிதமாக ஓட்டி, நன்றாக ஆறவிட்டு, ஏறக்குறைய 800 கிலோமீட்டர் வரை பாரமின்றிப் பழக்கி, பின்பு எண்ணெயை மாற்றுங்கள். விகிதம் மாறினால் ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லும். கியர் பாக்ஸில் உள்ள அதன் சிறு பல் சக்கரத்தையும் அதே வீதத்தில் மாற்றவேண்டும். 3.00க்கு 17 பற்கள் இருந்த இடத்தில் 3.50க்கு 20 பற்கள்.

முடிவு செய்யும் வரிசை

நகரத்திலும் பக்கத்து ஊர்களிலும் மட்டும் ஓடும், நான்கு கியர் பெட்டியுள்ள சாதாரண 289 காருக்கு 3.25, வாரந்தோறும் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு 3.00, ஐந்து கியர் பெட்டி இருந்தால் 3.50, உயர்திறன் எஞ்சினும் அதே பெட்டியும் சேர்ந்தால் 3.89 வரை போகலாம். 4.11ஐப் பந்தயக் களத்துக்கு விட்டுவிடுங்கள். இரண்டு எண்களுக்கு இடையே மனம் ஊசலாடினால் சிறிய எண்ணையே எடுங்கள். இழுவை சற்றுக் குறைந்தாலும் ஒரு கியர் குறைத்துச் சமாளிக்கலாம், ஆனால் டாப் கியருக்கு மேல் போக வழியில்லாத காரில், அதிகப்படியான சுற்றைக் குறைக்க உபாயம் கிடையாது.

கடைசியாக, கழற்றிய பழைய கூட்டை விற்றுவிடாதீர்கள். எட்டு அங்குல, ஒன்பது அங்குல அச்சுகளில் கூட்டை முழுதாக மாற்றுவது ஒரு நாள் வேலை: சக்கரத்தையும் டிரம்மையும் எடுத்து, அச்சின் முகத்தில் உள்ள துவாரத்தின் வழியே பாக்ஸ் ஸ்பானரை விட்டு நான்கு நட்டுகளைக் கழற்றினால், அச்சுத் தண்டு வெளியே வந்துவிடும், இருபுறமும் அப்படிச் செய்து, ஷாஃப்டை விடுவித்துவிட்டால், கூட்டை இருவர் தாங்கி இறக்கிவிடலாம். எனவே புதிய ஜோடியைப் பழைய கூட்டிலேயே பூட்டாமல், வேறொரு கூட்டை வாங்கி அதில் பூட்டுங்கள். தொழிற்சாலைத் தகட்டோடும் எழுதிவைத்த விவரத்தோடும் பழையதை எண்ணெய் பூசி, காற்றும் ஈரமும் புகாமல் பத்திரப்படுத்துங்கள். தேர்ந்தெடுத்த விகிதம் ஒரு வருஷ ஓட்டத்துக்குப் பிறகு பொருந்தவில்லை என்று தோன்றினாலும், காரை அதன் பிறவி நிலைக்குக் கொண்டுவர அடுத்த சொந்தக்காரர் விரும்பினாலும், ஒரே பகல் உழைப்பில் அது கைகூடும்.